நாற்பது கொண்டை ஊசியும் எங்கள் ஒரு வருஷமும்

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் வயல் வரப்பு. அதைவிட உயரம் என்றால் கோயில் கோபுரம். மலையோடு எங்கள் இருவருக்கும் இருந்த பழக்கம், பழனியில் படியேறி இறங்கியதோடு சரி. அப்படிப்பட்ட எங்களை, 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு மாற்றல் உத்தரவு தூக்கிக் கொண்டுபோய் வால்பாறையில் வைத்தது. ஒரே ஒரு வருஷம்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"நீ வர வேணாம். மழை ஊரு, குளிர் ஊரு. நான் ஓட்டல்ல சாப்பிட்டுக்கறேன்" என்றார் இவர்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷரை ஓட்டல் பரோட்டாவுக்கு விட்டுவிட்டு, நான் மன்னார்குடியில் உட்கார்ந்து யாருக்குச் சமைப்பது? பையன் வெளியூரில் வேலையில். பெண் காலேஜ் ஹாஸ்டலில். மாமியார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு நானும் கிளம்பிவிட்டேன்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வீட்டில் இருந்தது அந்த ஒரு வருஷம்தான். அதற்கு முன்னால் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார், அப்புறம் குழந்தைகள் என்று வீடு நிறைய ஜனம். புருஷனிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமானால் கிணற்றடிக்கோ கொல்லைப்புறத்துக்கோதான் போக வேண்டும். இந்த விஷயம் நம் சகோதரிகளில் பலருக்குத் தெரிந்த கதைதான்.

எண்ணிக்கொண்டே ஏறினோம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரைக்கும் தென்னந்தோப்பு, சமதரை, சுகமான காற்று. "இதுதானா மலைப் பிரயாணம், பிரமாதமா இருக்கே" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டி, குரங்கு அருவி தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. அதன் பக்கத்தில் ஒரு பலகை. அதில் 1 என்று போட்டு, கீழே 40 என்று இருந்தது.

அதற்கப்புறம் நான் பார்த்த இயற்கைக் காட்சி, என் கையிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றுதான். இவரோ கர்மசிரத்தையாக எண்ணிக்கொண்டே வந்தார். "பதினேழு ஆச்சு. இன்னும் இருபத்திமூணுதான்." ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரியும். அந்த இடத்துக்கு லோம்ஸ் வியூ என்று பெயர். நம் மாநில விலங்கான வரையாடு அங்கே ரோட்டோரப் பாறையில் சாவகாசமாக நிற்கும். "பாரு, பாரு, வரையாடு!" என்று இவர் தோளைத் தட்டினார். "ஆட்டை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், என்னைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

இப்போது அனுபவசாலியாகச் சொல்கிறேன். மலைப் பாதையில் பஸ்ஸில் போவதானால் பின் சீட்டு வேண்டவே வேண்டாம், முன்பக்கம் உட்காருங்கள். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பாடும் கூடாது. இரண்டு இட்லி போதும். புத்தகத்தையோ செல்போனையோ குனிந்து பார்க்காமல், முன்னால் தூரத்தில் ரோட்டையே பாருங்கள். வாயில் ஒரு துண்டு இஞ்சி. இவ்வளவையும் கடைப்பிடித்து நான் அந்த வருஷத்தில் எட்டு தடவை ஏறி இறங்கிவிட்டேன்.

அட்டகட்டி, கவர்க்கல் எல்லாம் தாண்டியதும் பனி மூட்டம். அது விலகினால் கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. சீப்பு எடுத்து வாரிவிட்டது போல அத்தனை ஒழுங்கு. ஊர்ப் பெயர்களும் வேடிக்கை. ஓர் ஊருக்கு ரொட்டிக்கடை என்றே பெயர்! மலேரியாவுக்கு மருந்தான கொய்னா எடுக்கிற சின்கோனா மரத்தைப் பயிரிட்டதால் இன்னோர் ஊருக்குச் சின்கோனா என்று பெயர்.

கம்பளி யாருக்கு?

வால்பாறை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. ஊட்டி மாதிரி அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் மழை இருக்கிறதே, அது வேறு ஜாதி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆகஸ்டு வரை விடாது. பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்றே சொல்கிறார்கள். அதோடு போச்சா என்றால், ஐப்பசியில் நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

முதல் பதினைந்து நாளில் எங்கள் வீட்டில் உப்பு தண்ணீராயிற்று. அப்பளம் துணியாயிற்று. தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்தது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயவில்லை. இவர் பனியனை இஸ்திரி போட்டே காய வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார். சமையலறையில் அடுப்புக்கு மேலே கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டினேன். எங்கள் துணியெல்லாம் சாம்பார் வாசனையோடு காய்ந்தது.

பெரிய அவஸ்தை இட்லி மாவுதான். மன்னார்குடியில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வெளியே நடந்துவிடும். இங்கே இரண்டு நாளானாலும் வைத்தது வைத்தபடி. பக்கத்து லைன் வீட்டுப் பெண் வழி சொன்னாள். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் கூடுதலாகப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையாலேயே நன்றாகக் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வைக்க வேண்டும். வைத்தேன். மாவு பொங்கியது. இவர்தான் பொங்கவில்லை.

"வீட்ல இருக்கறது ரெண்டு கம்பளி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு மாவுக்கு. அப்ப நான்?"

"நீங்க என்ன, புளிக்கவா போறீங்க?" என்றேன்.

மறுநாளே பஜாரில் மூன்றாவது கம்பளி வாங்கி வந்துவிட்டார். பருப்பு வேகாத கதையும் இப்படித்தான். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 96-லேயே கொதித்துவிடும். அதனால் வேக நேரமாகும். திறந்த பாத்திரத்தில் வைத்துப் போராடாமல் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டால் சரியாகிவிடும்.

அட்டைக் கணக்கு

மழை ஊரின் இன்னொரு விருந்தாளி அட்டை. புல்லில் நின்று தலையை ஆட்டி ஆட்டி வரவேற்கும். கடிப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்து புடவையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு திரவத்தைச் செலுத்திவிடுவதால், அட்டை விழுந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். பிய்த்து இழுக்காமல், கொஞ்சம் உப்பு வைத்தால் தானே சுருண்டு விழும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் காலில் சின்னப் புண்ணையும் அலட்சியம் செய்யக் கூடாது. இவர் பாதத்தைத் தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலையாயிற்று.

"இருபத்தி நாலு வருஷத்துல இப்பத்தான் நீ என் கால்ல விழறே" என்று ஒரு சிரிப்பு வேறு!

காலண்டரில் கணக்கு எழுதி வைத்தோம். வருஷக் கடைசியில் அவருக்கு முப்பத்தொன்று, எனக்கு ஒன்பது. "சர்க்கரை உள்ள இடத்துக்குத்தானே வரும்" என்று நான் சொன்னதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

யானையை விரட்டிய வீரர்

வால்பாறையில் பொழுது சாய்ந்தால் செல்போனைப் பார்ப்பது பொழுதுபோக்குக்காக இல்லை. யானை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காபித் தோட்டம். அதைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் மற்றக் காடுகளும். 1890-களிலிருந்து வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். யானைக்கு அதெல்லாம் தெரியுமா? அதன் பாட்டி நடந்த வழியில் அதுவும் நடக்கிறது. வனவுயிர் ஆராய்ச்சியாளர்களும் வனத்துறையும் சேர்ந்து 2011 முதல் குறுஞ்செய்தியில் 'இந்த இடத்தில் யானை நிற்கிறது' என்று ஜனங்களுக்குத் தெரிவித்து வருகிறார்கள். முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கும் எரியும். விளக்கைப் பார்த்தால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. இதனால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது.

யானைக்கு அரிசியும் உப்பும் பிடிக்கும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், வீட்டுச் சமையலறை எதையும் விடாது. "அக்கா, அரிசி மூட்டைய ஜன்னலோரம் வைக்காதீங்க" என்றுதான் பக்கத்து வீட்டுப் பெண் முதல் நாளே சொன்னாள்.

ஒரு ராத்திரி வீட்டுப் பின்னால் மடமடவென்று சத்தம். இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தோம். நான் தட்டும் கரண்டியும் எடுத்தேன். இவர் டார்ச்சை எடுத்தார்.

"நீ முன்னாடி போ. நான் பின்னாடி நின்னு வெளிச்சம் காட்டறேன்" என்றார் ரகசியமாக.

"ஏங்க, தாலி கட்டினது நீங்களா நானா?" என்றேன் அதைவிட ரகசியமாக.

கடைசியில் இரண்டு பேருமே போகவில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். யானை இல்லை. ஒரு காட்டுமாடு, நான் ஆசையாக வளர்த்த சௌசௌக் கொடியைப் பந்தலோடு இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சத்தையும் முடித்துவிட்டுத்தான் போயிற்று. மறுநாள் இவர் ஆபீசில் என்ன சொன்னாரோ தெரியாது. சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "அக்கா, சார் நேத்து ராத்திரி ரெண்டு யானைய வெரட்டினாராமே?" என்றாள். நான் மறுக்கவில்லை. புருஷனுடைய கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

கரண்ட் போன இரண்டு நாள்

வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். வேடிக்கை இல்லாத ஒன்றும் உண்டு.

போன புதிதில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இவர் டி.வி. முன்னால் உட்காருவார். நான் பெண்ணுக்குப் போன் பேசுவேன். அப்புறம் தூக்கம். ஆகஸ்டில் ஒரு நாள் பெரிய காற்றும் மழையும் அடித்து, மரம் சாய்ந்து, கரண்ட் போய்விட்டது. இரண்டு நாள் வரவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்தது. ஒரு மெழுகுவத்தியை நடுவில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பெண்ணின் பரீட்சை, பையனின் சம்பளம், நாத்தனார் வீட்டு விசேஷம் என்று அரை மணி நேரம் பேசினோம். அப்புறம் பேச ஒன்றுமே இல்லை. மழைச் சத்தம்தான். எனக்குப் பகீரென்றது. குழந்தைகளும் பெரியவர்களும் இல்லையென்றால் எங்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லையா? இன்னும் இருபது முப்பது வருஷத்தை இப்படியேதான் கழிக்கப் போகிறோமா?

இரண்டாம் நாள் ராத்திரி இவராகவே ஆரம்பித்தார். "அந்தப் பாப்பா இருந்திருந்தா இப்ப இருபத்தொரு வயசு ஆயிருக்கும், இல்ல?" என்றார்.

பையனுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு கெட்டுப்போகும் என்று நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மூன்றாம் நாளே இவர் ஆபீசுக்குப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்றே இத்தனை வருஷம் நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் சொன்னார். ஆபீசுக்குப் போகவில்லையாம், ஹரித்திராநதித் தெப்பக்குளத்துப் படியில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தாராம். மனசுக்குள் ஒரு பெயர்கூட வைத்திருந்தாராம். அந்தப் பெயரையும் சொன்னார். நான் அழுதேன். இவரும்தான். மெழுகுவத்தி தீர்ந்தது கூடத் தெரியவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தைப் பேசாமல் மூடி வைத்தால் அது போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது போவதில்லை. பெற்றவளை மட்டும் தேற்றினால் போதாது, தகப்பனையும் யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும். நம் வாசகிகளில் யாருக்காவது அப்படி ஒரு மூடி வைத்த பெட்டி இருந்தால், சமயம் பார்த்து இரண்டு பேருமாகத் திறந்து பாருங்கள்.

இருவாச்சியும் இவரும்

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சண்டைக்கும்தான்.

மழை விட்டதும், காலையில் நன்றாக விடிந்த பிறகு, யானைச் செய்தி பார்த்துவிட்டு நடக்கப் போவோம். தேயிலை பறிக்கிற பெண்கள் அதற்குள் பாதி மலை ஏறியிருப்பார்கள். இடுப்பில் தாள் சுற்றி, முதுகில் பையோடு, மழையானாலும் வெயிலானாலும் நின்றபடியே வேலை. ஒரு டம்ளர் டீயின் பின்னால் எத்தனை கால்வலி இருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேடு பள்ளத்தில் நடந்து நடந்து இவருக்குச் சர்க்கரையும் மட்டுக்கு வந்தது. மாத்திரையை டாக்டர் சொன்னபடி தொடர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது காட்டில் கிடையாது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி. ரோட்டில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். 

ஜனவரிக்குப் பிறகு இருவாச்சிப் பறவைகளைப் பார்த்தோம். பெரிய இருவாச்சியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு சின்ன இடுக்கை மட்டும் விட்டு முட்டையிடும். ஆண் பறவை நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும். இதை ஒருவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னபோது நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே? பிரசவத்துக்கு நீ அம்மா வீட்டுக்குப் போனப்ப நானும் ஆப்பிள் வாங்கிட்டு வந்தேன்" என்றார்.

"ஒரு தடவை. அதையும் ரயில்ல பாதி தின்னுட்டீங்க" என்றேன்.

விளக்கிச் சொன்னவர் தொலைநோக்கியை மடித்துக்கொண்டு நாசூக்காக நகர்ந்துவிட்டார்.

நீங்களும் போகலாம்

2023 மே மாதம் மாற்றல் முடிந்தது. போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பஸ் உண்டு. கேரளாவில் சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி, மளுக்கப்பாறை வழியாகவும் காட்டுப் பாதையில் வரலாம். பகலிலேயே மலை ஏறிவிடுங்கள். 160 அடி சோலையாறு அணை, நீராறு அணை, நல்லமுடிக் காட்சி முனை, கருமலை பாலாஜி கோயில் ஆகியவை அவசியம் பார்க்க வேண்டியவை. கனமழைக் காலத்தில் அருவிகளில் குளிக்க விடமாட்டார்கள். ஆற்றில் தண்ணீர் திடீரென்று ஏறும், இறங்கவே வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கம்பளி ஆளுக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று.

மன்னார்குடிக்கு வந்த பிறகு துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது, மாவு பொழுது விடிவதற்குள் பொங்குகிறது. எல்லாம் சௌகரியம்தான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யை நிறுத்தி, போனை உள்ளே வைத்துவிட்டு, திண்ணையில் அரை மணி நேரம் உட்காருகிறோம். அதற்கு எங்கள் வீட்டில் 'கரண்ட் போன நேரம்' என்று பெயர். அந்த நேரத்தில் நாத்தனார் வந்தாலும் அவளுக்கும் திண்ணையில் இடம் உண்டு, டி.வி. மட்டும் கிடையாது.